சாலையும் போடாத, பேருந்தும் ஓட்டாத குழு: வட்டாரப் போக்குவரத்துத் திட்டமிடல் பற்றி வாசகர் கேள்விகள்

ஒரு பெருநகரையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களையும் ஒரே வட்டாரமாகக் கொண்டு, அங்குள்ள சாலை, ரயில், பேருந்து, மிதிவண்டித் தடம், நடைபாதை அனைத்தையும் சேர்த்துத் திட்டமிடும் குழுக்களைப் பற்றி வாசகர்கள் பலர் கேட்டிருந்தனர். அவற்றுள் சில கேள்விகளுக்கு இவ்விதழில் விடை தருகிறோம்.

கேள்வி: சாலை போட ஒரு துறை இருக்கிறது, ரயிலுக்கும் பேருந்துக்கும் தனித்தனி நிறுவனங்கள் இருக்கின்றன. இவற்றுக்கு மேலே இன்னொரு குழு எதற்கு? (கல்லூரி மாணவி ஒருவர்)

பதில்: பயணம் செய்பவர் நிர்வாக எல்லைகளைப் பார்த்து நடப்பதில்லை. காலையில் வீட்டை விட்டுப் புறப்படும் ஒருவர், உள்ளாட்சியின் தெருவில் நடந்து, மாவட்டச் சாலையில் பேருந்து ஏறி, தேசிய ரயில்வேயின் வண்டிக்கு மாறி, மாநகராட்சியின் நடைபாதை வழியாக அலுவலகம் போய்ச் சேருகிறார். அவருக்கு அது ஒரே பயணம். ஆனால் அதற்குள் நான்கு நிர்வாகங்கள், நான்கு நிதிநிலை அறிக்கைகள், நான்கு தலைமை அதிகாரிகள் அடங்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு நிர்வாகமும் தன் பங்கைக் குறைவின்றிச் செய்தாலும்கூட, ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்கும் இடம் யார் பொறுப்பிலும் இல்லாமல் போய்விடுகிறது. அகலப்படுத்தப்பட்ட சாலை எல்லைக்கு அப்பாலுள்ள பழைய குறுகிய பாலத்தில் முட்டி நிற்பதும், கடைசி ரயில் வந்து சேருவதற்குச் சற்று முன்பாகவே கடைசிப் பேருந்து கிளம்பிவிடுவதும், புதிய நிலையத்துக்குச் செல்ல நடைபாதையே இல்லாதிருப்பதும் இந்த இடைவெளிகளில் விளைபவை.

அந்த இடைவெளிகளுக்குப் பொறுப்பேற்பதற்காகவே இத்தகைய குழு அமைக்கப்படுகிறது. அதன் வேலை பெரும்பாலும் மூன்று வகைப்படும். வட்டாரத்தின் மக்கள்தொகையும் வேலைவாய்ப்பும் எங்கெங்கு வளரும் என்பதைக் கணித்து நெடுங்காலத் திட்டம் ஒன்றை வரைவது முதல் வேலை. அத்திட்டத்திலிருந்து அடுத்த சில ஆண்டுகளில் எந்தெந்தப் பணிகளுக்குப் பணம் ஒதுக்குவது என்று முடிவு செய்வது இரண்டாவது. பல நிர்வாகங்களையும் ஒரே மேசையில் உட்கார வைத்து, ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியும்படி செய்வது மூன்றாவது. ஓட்டுநர் உரிமம் தருவதும் வாகனங்களைப் பதிவு செய்வதும் இதன் பணிகள் அல்ல. தார் ஊற்றுவதும் பேருந்து ஓட்டுவதும் அல்ல. இதனாலேயே இக்குழுவின் பெயர் மக்களின் காதில் விழுவது அரிது. ஆனால் ஒரு மேம்பாலம் வருமா, அதற்குப் பதிலாகப் பேருந்துக்கான தனித்தடம் வருமா என்பது பெரும்பாலும், திறப்பு விழாவுக்குப் பல ஆண்டுகள் முன்னரே, இதுபோன்ற குழுவின் கூட்ட அறையில் முடிவாகிவிடுகிறது.

கேள்வி: இந்த ஏற்பாடு எங்கே, எப்போது தொடங்கியது? (வரலாற்று ஆசிரியர் ஒருவர்)

பதில்: வட்டார அளவில் பயணங்களை எண்ணிக் கணக்கிட்டுத் திட்டமிடும் முறை அமெரிக்காவில் 1950-களில் உருப்பெற்றது. 1953-இல் டெட்ராய்ட்டிலும் 1955-இல் சிகாகோவிலும் தொடங்கிய பெரும் ஆய்வுகள், வீடு வீடாகச் சென்று பயண விவரங்களைச் சேகரித்து, எதிர்காலப் போக்குவரத்தைக் கணிக்கும் முறைகளை உருவாக்கின. 1962-ஆம் ஆண்டின் கூட்டரசு நெடுஞ்சாலைச் சட்டம் இதைக் கட்டாயமாக்கியது. 50,000-க்கு மேல் மக்கள் வாழும் நகர்ப்பகுதிகளில், தொடர்ச்சியான, முழுமையான, கூட்டுறவு முறையிலான திட்டமிடல் நடைபெற்றால்தான் 1965 ஜூலைக்குப் பிறகு கூட்டரசின் சாலை நிதி கிடைக்கும் என்று அச்சட்டம் கூறியது. 1973-இல் திட்டமிடலுக்கென்றே தனி நிதி ஒதுக்கப்பட்டது. 1991-ஆம் ஆண்டின் சட்டம் இந்தப் பெருநகரத் திட்டமிடல் அமைப்புகளின் கையில் பணிகளைத் தேர்ந்தெடுக்கும் உண்மையான அதிகாரத்தைக் கொடுத்தது. இன்று அந்நாட்டில் இத்தகைய அமைப்புகள் நானூறுக்கும் மேல் உள்ளன.

இந்த வரலாற்றை வெறும் சட்டங்களின் வரிசையாகப் படித்தால் முக்கியமான ஒன்று விடுபட்டுப் போகும். தொடக்ககாலத் திட்டங்கள் காரை மட்டுமே மனத்தில் வைத்து வரையப்பட்டவை. குடியிருப்புகளை இடித்து, நகரின் நடுவே விரைவுச்சாலைகளைக் கொண்டு செல்வதே முன்னேற்றம் எனக் கருதப்பட்டது. இடிக்கப்பட்டவை பெரும்பாலும் ஏழைகளின் வீடுகளும் கறுப்பின மக்களின் வீடுகளுமாக இருந்தன. மக்கள் எதிர்த்தார்கள். 1959-இல் சான் பிரான்சிஸ்கோவின் நகரவை பல விரைவுச்சாலைத் திட்டங்களை நிராகரித்தது. 1970-இல் மாசசூசெட்ஸ் மாநில ஆளுநர் பிரான்சிஸ் சார்ஜென்ட், பாஸ்டன் நகருக்குள் வரவிருந்த விரைவுச்சாலைப் பணிகளை நிறுத்திவைத்து, அனைத்தையும் மீளாய்வு செய்யும்படி உத்தரவிட்டார். அவ்வாறு கைவிடப்பட்ட சாலைக்கான பணத்தைப் பொதுப் போக்குவரத்துக்கு மாற்றிக்கொள்ள 1973-ஆம் ஆண்டின் சட்டம் வழிவிட்டது. விரைவுச்சாலைக்காகக் காலி செய்யப்பட்ட அந்தப் பாதையில் 1987-இல் ரயில் ஓடத் தொடங்கியது. அதையொட்டி நீண்ட பூங்கா ஒன்றும் அமைந்தது. அதற்குள் அங்கே பல நூறு வீடுகள் இடிக்கப்பட்டுவிட்டன என்பதையும் சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும். திட்டக்குழுக்களில் மக்கள் கருத்துக்கு இன்று சட்டப்படி இடம் இருக்கிறது என்றால், அது அந்தப் போராட்டங்களால் கிடைத்த இடம்.

கேள்வி: குழுவில் யார் யார் இருப்பார்கள்? அதிகாரிகள் மட்டுமா? (வார்டு உறுப்பினராக இருக்கும் வாசகர்)

பதில்: நாட்டுக்கு நாடு மாறினாலும், நன்றாகச் செயல்படும் இடங்களில் இரண்டு அடுக்குகளைக் காணலாம். முடிவெடுக்கும் அவையில் வட்டாரத்தின் நகரங்களிலிருந்தும் ஊர்களிலிருந்தும் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகளும், சாலைத் துறை, ரயில், பேருந்து நிறுவனங்கள் ஆகியவற்றின் சார்பாளர்களும் இருப்பார்கள். அதற்குக் கீழே தொழில்நுட்பக் குழு ஒன்று இயங்கும்; பொறியாளர்களும் நகரமைப்பு வல்லுநர்களும் புள்ளிவிவரங்களை ஆராய்ந்து அவைக்குப் பரிந்துரை செய்வார்கள். பல இடங்களில் பொதுமக்களைக் கொண்ட ஆலோசனைக் குழுவும் உண்டு.

நீங்கள் மக்கள் பிரதிநிதி என்பதால் வாக்குரிமை பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஓர் ஊருக்கு ஒரு வாக்கு என்று வைத்தால், வட்டார மக்களில் பாதிக்கு மேல் வாழும் மைய நகரம் பத்துச் சிற்றூர்களின் கூட்டு வாக்கில் தோற்றுப்போகும். பேருந்துக்குச் செல்ல வேண்டிய பணம் புறநகர்ச் சாலைகளுக்குப் போய்விடும். மக்கள்தொகைக்கேற்ப வாக்கு என்று வைத்தால், மைய நகரம் நினைத்ததே நடக்கும். சிற்றூர்கள் கூட்டத்துக்கு வருவதையே நிறுத்திவிடும். இதனால் சில அமைப்புகள் வழக்கமான முடிவுகளை ஊருக்கு ஒரு வாக்கின்படியும், கருத்து வேறுபாடு எழும்போது மக்கள்தொகைக்கேற்ற வாக்கின்படியும் எடுக்கின்றன. எந்த முறையானாலும், பேருந்தையும் ரயிலையும் இயக்குபவர்கள் வாக்குரிமையுடன் அமர்ந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அமெரிக்காவில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழும் நகர்ப்பகுதிகளின் அவைகளில் பொதுப் போக்குவரத்து இயக்குநர்களின் பிரதிநிதி இருக்க வேண்டும் என்று 2012-ஆம் ஆண்டின் சட்டம் வெளிப்படையாகவே விதித்தது. அதுவரை பல அவைகளில் சாலைக்குப் பேச ஆள் இருந்தார்கள், பேருந்துக்குப் பேச ஆள் இல்லை.

கேள்வி: ஒரு பணி பட்டியலில் எப்படி ஏறுகிறது? செல்வாக்கு உள்ளவர்களின் ஊருக்குத்தானே எல்லாம் போகும்? (சிறுதொழில் நடத்துபவர்)

பதில்: செல்வாக்கு இல்லாத அவை உலகில் எங்கும் இல்லை. ஆனால் செல்வாக்கு எந்த வாசல் வழியாக நுழைகிறது என்பதைத் தெரிந்துகொண்டால், அந்த வாசலில் நின்று கேள்வி கேட்கலாம். அதற்குப் பட்டியல் தயாராகும் முறையைப் புரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் தரவு சேகரிக்கப்படுகிறது. வாகனங்கள் எண்ணப்படுகின்றன; மாதிரிக் குடும்பங்களிடம் ஒரு நாளில் யார், எங்கிருந்து எங்கே, எதில், எதற்காகச் சென்றார்கள் என்று கேட்கப்படுகிறது. அதைக் கொண்டு, நான்கு படிகள் கொண்ட கணிப்பு மாதிரி பெரும்பாலான இடங்களில் இயக்கப்படுகிறது: ஒவ்வொரு பகுதியிலிருந்தும் எத்தனை பயணங்கள் புறப்படும், அவை எங்கே போய்ச் சேரும், காரா பேருந்தா நடையா, எந்த வழியாக என்பன அந்த நான்கு படிகள். இருபது ஆண்டுகள் கழித்து எந்தச் சாலையில் எவ்வளவு நெரிசல் இருக்கும் என்ற படம் அதிலிருந்து கிடைக்கிறது.

அடுத்து, உள்ளாட்சிகளும் துறைகளும் தங்கள் பணிகளை முன்வைக்கின்றன. கேட்கப்படும் தொகை கையிருப்பை விட எப்போதும் பல மடங்கு அதிகமாக இருக்கும் என்பதால், ஒவ்வொரு பணிக்கும் மதிப்பெண் இடப்படுகிறது. பயண நேரம் எவ்வளவு குறையும், விபத்துகள் குறையுமா, காற்று மாசு என்னவாகும், பழைய பாலத்தின் ஆயுள் நீளுமா, வாகனம் இல்லாத குடும்பங்களுக்குப் பயன் உண்டா என்பன போன்றவை அளவுகோல்கள். மதிப்பெண் வரிசையை வைத்து அவை விவாதித்து, நெடுங்காலத் திட்டத்திலும் குறுங்காலப் பணிப் பட்டியலிலும் சேர்க்கிறது. அமெரிக்க விதிகளின்படி முன்னது குறைந்தது 20 ஆண்டுகளையும் பின்னது குறைந்தது நான்கு ஆண்டுகளையும் உள்ளடக்க வேண்டும்.

செல்வாக்கு நுழையும் வாசல் பெரும்பாலும் கடைசி வாக்கெடுப்பில் இல்லை. அளவுகோல்களுக்கு எத்தனை மதிப்பெண் என்று முடிவு செய்யும் இடத்தில் இருக்கிறது. நூற்றுக்கு ஐம்பது மதிப்பெண்ணை வாகனங்களின் பயண நேரத்துக்கு ஒதுக்கிவிட்டால், சாலை விரிவாக்கங்கள் தாமாகவே மேலே வந்துவிடும். யாரும் யாருக்கும் சலுகை காட்ட வேண்டியதில்லை. ஐம்பது பேர் ஏறிய பேருந்தும் ஓட்டுநர் மட்டும் அமர்ந்திருக்கும் காரும் வாகனக் கணக்கில் ஆளுக்கு ஒன்றுதான். மனிதர்களை எண்ணினால் ஒரு பக்கம் ஐம்பது, மறுபக்கம் ஒன்று. சாலைச் சந்திப்பில் பேருந்துக்கு முன்னுரிமை தரும் சிக்னல், முதல் கணக்கில் நெரிசலைக் கூட்டும் திட்டமாகவும் இரண்டாவது கணக்கில் மிகப் பயனுள்ள திட்டமாகவும் தோன்றும். எண்கள் பொய் சொல்லவில்லை, எதை எண்ணுவது என்ற தேர்விலேயே முடிவு அடங்கிவிடுகிறது. அளவுகோல்கள் வரையப்படும் கூட்டத்துக்கு யாரும் வருவதில்லை என்பது எனக்கு நெடுநாளாக உள்ள வருத்தம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அமெரிக்காவின் 1991-ஆம் ஆண்டுச் சட்டம் நிதிக் கட்டுப்பாடு என்ற விதியைக் கொண்டுவந்தது. கிடைக்கும் என்று நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய வருவாய்க்குள் அடங்கும் பணிகளை மட்டுமே திட்டத்தில் சேர்க்கலாம். கட்டும் செலவை மட்டுமன்றி, இருப்பதைப் பராமரிக்கும் செலவையும் கணக்கில் காட்ட வேண்டும். அதற்கு முன்பு பல திட்டங்கள் எல்லோருடைய விருப்பங்களையும் அடுக்கிய நீண்ட பட்டியல்களாக இருந்தன. எதையும் யாருக்கும் மறுக்க வேண்டியிராததால் எதற்கும் முன்னுரிமை இல்லை. நிதிக்குள் அடங்க வேண்டும் என்றவுடன்தான் இதுவா அதுவா என்ற உண்மையான விவாதமே தொடங்குகிறது.

கேள்வி: இருபது ஆண்டுக் கணிப்பை எப்படி நம்புவது? போட்ட சாலைகளெல்லாம் சில ஆண்டுகளில் மீண்டும் நிரம்பிவிடுகின்றனவே. (ஓய்வுபெற்ற பொறியாளர்)

பதில்: நீங்கள் கண்டது சரியானதே. அகலமான சாலை பயணத்தை எளிதாக்கும். எளிதானதும், முன்பு வேறு நேரத்தில், வேறு வழியில், பேருந்தில் போனவர்களும், போகாமலே இருந்தவர்களும் அச்சாலைக்கு வருகிறார்கள். சில ஆண்டுகளில் அதையொட்டித் தொலைவான இடங்களில் வீடுகள் எழுகின்றன. அங்கு குடியேறியவர்களுக்கு அச்சாலையை விட்டால் வேறு வழி இருப்பதில்லை. லண்டனைச் சுற்றி 1986-இல் முழுமையடைந்த எம்25 வட்டச்சாலை சில ஆண்டுகளிலேயே எதிர்பார்த்ததை விட அதிக வாகனங்களால் நிரம்பியது. புதிய சாலை புதிய போக்குவரத்தை உண்டாக்குகிறது என்பதைப் பிரிட்டிஷ் அரசின் நெடுஞ்சாலை மதிப்பீட்டு ஆலோசனைக் குழு 1994-இல் அதிகாரபூர்வமாகவே ஏற்றுக்கொண்டது. அமெரிக்காவின் ஹூஸ்டனில் 2008-இல் விரிவாக்கி முடிக்கப்பட்ட கேட்டி விரைவுச்சாலை, சில பகுதிகளில் பக்கச் சாலைகளையும் சேர்த்து இருபதுக்கும் மேற்பட்ட தடங்களைக் கொண்டது. அங்கும் நெரிசல் திரும்பி வந்தது.

இதற்குக் காரணம், பழைய மாதிரிகள் பயணங்களின் எண்ணிக்கையை முன்கூட்டியே நிலையாக வைத்துக்கொண்டு, சாலையை அகலமாக்கினால் அதே பயணங்கள் வேகமாக முடியும் என்று கணக்கிட்டதுதான். நல்ல குழு ஒரே கணிப்பைக் கொடுத்துவிட்டு ஒதுங்குவதில்லை. எரிபொருள் விலை ஏறினால், வீடுகள் ரயில் நிலையங்களை ஒட்டி வளர்ந்தால், கட்டணம் விதித்தால் என்னவாகும் எனப் பல எதிர்காலங்களை அருகருகே வைத்துக் காட்டும். ஸ்டாக்ஹோமில் செய்தது இன்னும் துணிவானது. நகருக்குள் நுழையும் வாகனங்களுக்கான நெரிசல் கட்டணத்தை 2006-இல் சில மாதங்கள் சோதனையாக விதித்தார்கள். கட்டண எல்லையைக் கடக்கும் போக்குவரத்து ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. தொடக்கத்தில் எதிர்ப்பு மிகுந்திருந்த அந்நகரில், சோதனை முடிந்த பின் நடந்த வாக்கெடுப்பில் பெரும்பான்மையோர் ஆதரித்தனர். 2007-இல் கட்டணம் நிரந்தரமானது. மாதிரியை நம்புவதா வேண்டாமா என்று ஆண்டுக்கணக்கில் வாதிடுவதை விட, சோதித்துப் பார்க்கக்கூடியதைச் சோதித்துப் பார்ப்பது மேல்.

கேள்வி: ஒரே பயணச்சீட்டில் பேருந்திலும் ரயிலிலும் போக முடிவது இத்தகைய குழுவின் வேலையா? (அன்றாடம் ரயிலில் செல்லும் வாசகி)

பதில்: ஆம், சில நாடுகளில் இதற்காகவே இத்தகைய அமைப்புகள் உருவாயின. ஹாம்பர்க் நகரில் 1965-இல் பல்வேறு போக்குவரத்து நிறுவனங்கள் ஒப்பந்தம் செய்துகொண்டு அமைத்த கூட்டமைப்பு, உலகில் இவ்வகையில் முதலாவது எனக் கருதப்படுகிறது. நிறுவனங்கள் தனித்தனியாகவே நீடித்தன. கட்டணமும் கால அட்டவணையும் மட்டும் பொதுவாயின. சூரிச் வட்டாரத்தில் 1990-இல் புறநகர் ரயில் சேவையும் பொதுக் கட்டண அமைப்பும் ஒன்றாகத் தொடங்கின. சியோல் 2004-இல் பேருந்து வழித்தடங்களை மாற்றியமைத்தபோது, பேருந்தையும் சுரங்க ரயிலையும் சேர்த்துத் தொலைவுக்கேற்ற ஒரே கட்டணத்தைக் கொண்டுவந்தது.

இதில் கடினமானது வருவாயைப் பங்கிடுவதே. அட்டை, கருவி முதலியவை அதற்கு அடுத்தவைதான். நீங்கள் செலுத்தும் ஒரு கட்டணத்தில் பேருந்துக்கு எவ்வளவு, ரயிலுக்கு எவ்வளவு? இப்போது இருமுறை சீட்டு வாங்கும் பயணி இனி ஒருமுறை மட்டும் வாங்கினால் குறையும் வருமானத்தை யார் ஏற்பது? இக்கேள்விகளுக்கு விடை காணாமல் தொடங்கிய பல முயற்சிகள் பாதியில் நின்றிருக்கின்றன. பயணிகள் எத்தனை பேர், எவ்வளவு தொலைவு சென்றார்கள் என்பதை எல்லோரும் ஏற்கும் முறையில் கணக்கெடுத்து, அதன்படி பொதுவான அமைப்பு பணத்தைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். இழப்பை ஈடுகட்டப் பொது நிதியும் வேண்டும். பிரான்ஸ் அதற்கு வேறொரு வழி கண்டது. தொழிலாளர்கள் வேலைக்கு வருவதால் பயன் பெறுபவர் முதலாளியும்தான் என்ற கருத்தில், குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் ஆட்களை வைத்திருக்கும் நிறுவனங்கள் மீது 1971-இல் பாரிஸ் வட்டாரத்தில் போக்குவரத்து வரி விதிக்கப்பட்டது. 1973-இல் பிற நகரங்களுக்கும் அது விரிந்தது. அந்நாட்டின் பொதுப் போக்குவரத்து நிதியில் இன்றும் அதன் பங்கு பெரிது.

கேள்வி: வீடு கட்ட அனுமதி தருவதற்கும் போக்குவரத்துக் குழுவுக்கும் என்ன தொடர்பு? (கட்டட வரைவாளர்)

பதில்: மிக நெருங்கிய தொடர்பு. எங்கே வீடு, எங்கே வேலை என்பதே பயணத்தைத் தீர்மானிக்கிறது. கோப்பன்ஹேகனின் 1947-ஆம் ஆண்டு விரல் திட்டம், நகரம் ரயில் பாதைகளை ஒட்டி மட்டும் ஐந்து விரல்களாக நீள வேண்டும், விரல்களின் இடையே பசுமை நிலங்கள் இருக்க வேண்டும் என்று வகுத்தது. பிரேசிலின் குரிட்டிபா நகரம் 1974 முதல் பேருந்துக்கான தனித்தடங்களை அமைத்தபோது, அத்தடங்களை ஒட்டி மட்டுமே உயரமான கட்டடங்களை ஊக்குவித்தது. அதனால் பயணிகள் பேருந்துக்கு அருகிலேயே குடியிருந்தார்கள். நிலப் பயன்பாட்டை ஒருவரும் போக்குவரத்தை இன்னொருவரும் கவனித்தால், முன்னவர் உண்டாக்கும் நெரிசலுக்குப் பின்னவர் ஆண்டாண்டாக மேம்பாலம் கட்டிக்கொண்டே இருக்க நேரிடும்.

கேள்வி: பல இடங்களில் இத்தகைய குழுக்கள் பெயரளவில் இருக்கின்றனவே, ஏன்? (அரசுப் பணியில் உள்ள வாசகர்)

பதில்: பணத்தின் மீது பிடி இல்லாத குழுவின் பேச்சைத் துறைகள் கேட்பதில்லை என்பதே முதற்காரணம். தன் நிதியும், தன் அமைச்சரும், தன் முன்னுரிமைகளும் உள்ள துறைக்கு, ஆலோசனை மட்டுமே கூறக்கூடிய குழுவின் தீர்மானம் ஒரு கடிதம்தான். சிங்கப்பூர் 1995-இல் வாகனப் பதிவு, ரயில், சாலை, போக்குவரத்துக் கொள்கை ஆகியவற்றைக் கவனித்துவந்த நான்கு அமைப்புகளை ஒன்றிணைத்து ஒரே ஆணையமாக்கியது. லண்டனில் 2000-ஆம் ஆண்டில் அமைந்த போக்குவரத்து அமைப்பு, நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படும் மேயரின் பொறுப்பில் பேருந்து, ரயில் சேவைகள், முதன்மைச் சாலைகள் ஆகியவற்றை ஒன்றாக வைத்தது. இவை இரண்டும் குழுக்கள் அல்ல, நிர்வாக அமைப்புகள்; அதனாலேயே அவற்றின் திட்டங்கள் விரைந்து நடைமுறைக்கு வருகின்றன.

பல ஊராட்சிகளும் நகரங்களும் சுதந்திரமாக இயங்கும் நாட்டில் அவ்வளவு எளிதாக அனைத்தையும் ஒன்றிணைத்துவிட முடியாது. அங்கு குழு முறையே பொருந்தும். இந்திய அரசியல் சாசனத்தில் 1992-ஆம் ஆண்டின் 74-ஆவது திருத்தத்தால் சேர்ந்த 243இசட்இ பிரிவு, பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் பெருநகரப் பகுதிகளுக்குத் திட்டக் குழுவைக் கோருகிறது. உறுப்பினர்களில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கினர் உள்ளாட்சிப் பிரதிநிதிகளால் தங்களுக்குள்ளிருந்து தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். 2006-ஆம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை, பத்து லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள்தொகை கொண்ட நகரங்களில் ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்து ஆணையங்களை அமைக்கப் பரிந்துரைத்தது. அமெரிக்க முறையோடு ஒப்பிட்டால் வேறுபாடு ஒன்றுதான்: அங்கு வட்டாரக் குழுவின் பட்டியலில் இல்லாத பணிக்குக் கூட்டரசின் போக்குவரத்து நிதி கிடைக்காது. அந்த ஒரு விதியால் எல்லாத் துறைகளும் கூட்டத்துக்கு வந்துவிடுகின்றன. சட்டத்தில் எத்தனை பக்கம் எழுதினாலும், இந்த இணைப்பு இல்லையென்றால் குழு பெயரளவிலேயே நின்றுவிடும் என்பதே என் கருத்து.

கேள்வி: நடப்பவர்களையும் பள்ளிக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்பவர்களையும் யார் கணக்கில் எடுக்கிறார்கள்? (இரு பிள்ளைகளின் தாய்)

பதில்: பல இடங்களில் போதுமான அளவுக்கு எடுப்பதில்லை. பழைய கணக்கெடுப்புகள் வீட்டிலிருந்து வேலைக்கும் வேலையிலிருந்து வீட்டுக்குமான பயணத்தையே மையமாகக் கொண்டவை. பிள்ளையைப் பள்ளியில் விட்டு, மருந்து வாங்கி, முதியவரை மருத்துவமனையில் பார்த்து, வீடு திரும்பும் பயணம் பல சிறு துண்டுகளாக அமைவது. அதில் பெரும்பகுதி நடை. குறுந்தொலைவு நடைகளைப் பதிவு செய்யாத கணக்கெடுப்பில், பெண்களின் அன்றாடப் பயணத்தில் பாதி காணாமல் போய்விடும். கணக்கில் இல்லாததற்கு நிதி இல்லை. நிதி இல்லாததால் நடைபாதை இல்லை. நடைபாதை இல்லாததால் நடப்பவர்கள் குறைகிறார்கள். நடப்பவர்கள் குறைவு என்று அடுத்த கணக்கெடுப்பு கூறுகிறது. இந்தச் சுழலை உடைப்பதற்கு, கணக்கெடுப்பின் வினாத்தாளிலேயே ஒவ்வொரு சிறு பயணத்தையும் கேட்கும்படி குழுவை வற்புறுத்த வேண்டும். உங்கள் வட்டாரத்தில் கணக்கெடுப்பு நடக்கவிருந்தால், வினாத்தாளின் வரைவைக் கேட்டுப் பாருங்கள். மாற்றுத்திறனாளிகளின் பயணங்களும், போக விரும்பியும் வழியில்லாமல் கைவிட்ட பயணங்களும் அதில் இடம்பெறுகின்றனவா என்பதையும் பாருங்கள்.

கேள்வி: சாதாரணக் குடிமகன் எப்போது, எதைக் கேட்க வேண்டும்? குழு சொன்னதைச் செய்யாவிட்டால்? (குடியிருப்போர் சங்கச் செயலாளர்)

பதில்: மக்கள் பெரும்பாலும் இயந்திரங்கள் வந்து தெருவைத் தோண்டும்போதுதான் எதிர்ப்புத் தெரிவிக்கிறார்கள். அப்போது ஒப்பந்தம் கையெழுத்தாகியிருக்கும், நிலம் எடுத்தாகியிருக்கும். பேசப் பயனுள்ள காலம் அதற்குப் பல ஆண்டுகள் முந்தையது: நெடுங்காலத் திட்டத்தின் இலக்குகளும் மதிப்பெண் அளவுகோல்களும் வரையப்படும் காலம். அப்போது ஒரு சங்கம் எழுத்தில் கொடுக்கும் இரண்டு பக்கக் கருத்துக்கு, பின்னாளில் நடத்தும் மறியலைவிட வலிமை அதிகம்.

வரைவு கையில் கிடைத்தால் வரைபடத்தை முதலில் பார்க்காதீர்கள். நிதி அட்டவணையைப் பாருங்கள். புதிதாகக் கட்டுவதற்கு எவ்வளவு, இருப்பதைப் பராமரிக்க எவ்வளவு என்று கேளுங்கள். வாகனம் இல்லாத குடும்பம் முக்கால் மணி நேரத்துக்குள் எத்தனை வேலைவாய்ப்புகளையும் மருத்துவமனைகளையும் சென்றடைய முடியும், இத்திட்டம் முடிந்ததும் அந்த எண்ணிக்கை கூடுமா என்று கேளுங்கள். நெரிசல் எவ்வளவு குறையும் என்ற கேள்விக்கு வரும் விடையை விட இதற்கு வரும் விடை உங்களுக்கு அதிகம் சொல்லும். தங்கள் தெருவை மட்டும் பேசும் சங்கத்தை அவை எளிதில் ஒதுக்கிவிடும்; பேருந்து வழித்தடம் ஒன்றின் நீளத்திலுள்ள பல ஊர்ச் சங்கங்கள் சேர்ந்து வந்தால் அவ்வாறு ஒதுக்குவது கடினம்.

சொன்னதைச் செய்தார்களா என்று பார்க்கச் சிறந்த வழி, முந்தைய பட்டியலையும் இப்போதைய பட்டியலையும் அருகருகே வைத்து, எந்தப் பணிகள் ஆண்டுக்காண்டு தள்ளிப்போகின்றன என்று குறித்துக்கொள்வது. நடைபாதையும் பேருந்து நிறுத்தமும் தொடர்ந்து தள்ளிப்போய், மேம்பாலங்கள் மட்டும் குறித்த காலத்தில் முடிந்திருந்தால், அறிவிக்கப்பட்ட முன்னுரிமைக்கும் நடைமுறைக்கும் உள்ள வேறுபாடு எழுத்திலேயே உங்களிடம் இருக்கும். அமெரிக்காவில் ஒவ்வொரு திட்ட ஆண்டும் முடிந்து 90 நாட்களுக்குள், எந்தெந்தப் பணிகளுக்குக் கூட்டரசு நிதி உண்மையில் ஒதுக்கப்பட்டது என்ற பட்டியலை வெளியிட வேண்டும் என்று விதி உள்ளது. பெரிய வட்டாரங்களின் திட்டமிடல் முறையைக் கூட்டரசின் நெடுஞ்சாலை, பொதுப் போக்குவரத்து நிர்வாகங்கள் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறையேனும் ஆய்வு செய்து சான்றளிக்கின்றன. அவ்விதி இல்லாத இடங்களில், அதே பட்டியலை ஆண்டுதோறும் வெளியிடும்படி குழுவிடம் கோருவதே உங்கள் சங்கத்தின் முதல் கடிதமாக இருக்கட்டும்.